வியாபாரத்துக்கு வேண்டிய இங்கிலீஷ்

வெம்பாக்கத்தில் பட்டுக் கடை போடப்போகும் தம்பிக்கு, முதலில் ஒரு நல்ல சேதி. இலக்கணம் வேண்டாம், ஸ்போக்கன் கிளாஸும் வேண்டாம். இருபது சொல் கைவசம் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். ‘கலப்படம்’, ‘போலி’ என்று தமிழில் சொன்னால் வந்தவர் எழுந்து போய்விடுவார். அதையே இங்கிலீஷில் சொல்லிப்பார், தலையாட்டிக்கொண்டே பணத்தை எண்ணிவைப்பார்.

பாலபாடம் ‘ஆர்ட் சில்க்’. யாரோ ஓவியர் உட்கார்ந்து டிசைன் போட்டார் போலிருக்கிறது என்று புடவை எடுக்க வந்த அம்மாள் நினைத்துக்கொள்வார். ஆர்ட்டிஃபிஷியல் என்பதன் வாலை நறுக்கினால் ஆர்ட், சரக்கு ரேயானோ பாலியெஸ்டரோ. நீ எதையும் மறைக்கவில்லை, பெயரிலேயே சொல்லிவிட்டாய். இது பழகியதும் ‘செமி சில்க்’குக்குப் போ. பாதிப் பட்டு என்று அவராகவே கணக்குப் போட்டுக்கொள்வார்.

ஜரிகைக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. செம்புக் கம்பிச் சரக்குக்கு ‘டெஸ்டட் ஜரி’ என்று பெயர் வைத்தானே ஒருவன், அவனுக்குக் கோயில் கட்டலாம். டெஸ்ட் பண்ணியதாகத்தான் அந்தச் சொல் சொல்கிறது, பாஸானதாகச் சொல்லவில்லை. விவரம் தெரிந்த பாட்டி யாராவது நகத்தால் சுரண்டி உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்க்கப்போனால், “கோட்டிங் போயிடும்மா” என்று பதறிக் கையைப் பிடித்துவிடு.

சில்க் மார்க் லேபிளைக் கண்டு மிரளாதே. மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-ல் வந்த அந்த முத்திரை, பட்டு சுத்தம் என்பதற்கு மட்டுமே சாட்சி. ஜரிகையைப் பற்றி வாய் திறக்காது, கைத்தறியா விசைத்தறியா என்றும் சொல்லாது. ஆகவே அசல் பட்டில் போலி ஜரிகை போட்ட புடவைதான் உனக்கு உத்தமம். காஞ்சிபுரம் பட்டுக்கும் ஆரணிப் பட்டுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு உண்டு. பக்கத்து ஊர்தானே என்று ‘காஞ்சிபுரம்’ என்று போர்டு எழுதி மாட்டிக்கொள்ளாதே, ‘காஞ்சி ஸ்டைல்’ என்று எழுது. பில் கேட்டால் ‘எஸ்டிமேட்’ கொடு.

பணம் வசூலிக்கும் பாடத்துக்கு வெளியூர் போக வேண்டாம், ஆரணியும் செய்யாறுமே பார்த்த கதை இருக்கிறது. ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம் ஒரு லட்சம் போட்டால் மாதம் 30,000 வரை தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கியது. 2022 மே மாதம் போலீஸ் சோதனைக்கு வந்தது. போலீஸ் கணக்குப்படி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் வாங்கிய தொகை 2,438 கோடி ரூபாய். நூற்றுக்கு முப்பது மாத வட்டி என்று தமிழில் சொல்லியிருந்தால், தறியில் உட்கார்ந்திருப்பவர்கூட “இது நடக்கிற காரியமா?” என்று கேட்டிருப்பார். ‘ஸ்கீம்’, ‘ரிட்டர்ன்ஸ்’, ‘டைரக்டர்’ என்று வந்ததும் கேள்வி தொண்டையோடு நின்றுவிட்டது. முதலீட்டாளரைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. அப்போது ‘பெனிஃபிட் ஃபண்ட்’ என்றார்கள். பிறகு ஈமு கோழிக்கும் ‘ஸ்கீம்’ போட்டார்கள். பெயரை மாற்றிக்கொண்டே இரு, சட்டம் மூச்சிரைக்கப் பின்னால் வரும்.

ஆபீஸ்களில் ‘லஞ்சம்’ என்ற சொல்லை மறந்தும் உச்சரிக்காதே. ‘ஃபார்மாலிட்டீஸ்’ முடித்தாயிற்றா என்று கேட்பார்கள், முடித்துவிடு. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் கொடுப்பதும் நேரடிக் குற்றம் என்பதால், இந்தச் சொல் உன்னையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறது.

நெசவாளியிடம் மட்டும் இங்கிலீஷைச் சிக்கனமாகச் செலவு பண்ணு, ‘டேமேஜ்’ என்ற ஒரு சொல் போதும். நாள்கணக்காகக் கால் மிதித்து நெய்து, மடித்துக் கொண்டுவந்த புடவையை வாங்கி ஜன்னலோரம் விரித்துப் பார். முந்தானைப் பக்கம் ஓர் இழை லேசாகத் தள்ளியிருக்கும், இல்லாவிட்டாலும் விரலை வை. கூலியில் ஐந்நூறு பிடித்துக்கொள். பிறகு அதே புடவையைச் சென்னை ஷோரூமுக்கு அனுப்பு. அங்கே அந்த இழைக்குப் பெயர் ‘ஹேண்ட்மேட் லுக்’, அதற்குத் தனியாக ஐந்நூறு ஏற்று.