வேதமும் வேலியும்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு வேதாகமத்தில் உபாகமம் 19:14க்குக் கீழே சிவப்புக் கோடு. அயலவனின் எல்லையை நகர்த்தாதே என்ற கட்டளை. கோடு போட்டது நான், பக்கத்து வளவுக்காரருக்காக. மாரிக்கு மாரி வேலிக் கதியாலை எங்கள் பக்கம் நகர்த்துவது அவர் வழக்கம். வீட்டுச் செபத்துக்குப் போனபோது அவருடைய வேதாகமத்தை எட்டிப் பார்த்தேன். அதே வசனம், பச்சைக் கோடு!

1850இல் வந்த பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உழைத்த ஆறுமுக நாவலர் பழுத்த சைவர். ஆனாலும் கிறிஸ்தவம் மீதான தன் கண்டனத்தை 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ என்று தனிப் புத்தகமாகத்தான் போட்டார். விசுவாசிகள் நாங்கள் அப்படியா? வேதத்துக்குள்ளேயே கதியால் நடுவோம். அங்கேயும் குற்றம் எப்போதும் வேலிக்கு அந்தப் பக்கம்தான்.