சொந்தக்காரருக்கு மட்டும் பூட்டு

பினாங்கின் கார்ன்வாலிஸ் கோட்டை போர் எதையும் கண்டதில்லை. பீரங்கிகள் கடலைப் பார்த்தபடி சும்மா கிடக்கின்றன. ஆனாலும் நுழைவுச்சீட்டு வாங்கியவரைக் கோட்டை உள்ளே விடுகிறது. கோட்டை இருக்கும் அதே ஜார்ஜ்டவுனின் அலுவலக சர்வர்களுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. மூன்று தடவை பாஸ்வேர்ட் தப்பினால் கணக்குக்குப் பூட்டு. திறந்துவிட்டால் கால் மணியில் மறுபடி பூட்டு.

உடனே 'ஹேக்கர்' என்று கூச்சல். சந்தேகம் வட கொரியா வரை போய்வரும். பெரும்பாலும் குற்றவாளி மேனேஜரின் சட்டைப்பையிலேயே இருப்பார்: பழைய பாஸ்வேர்டை மனப்பாடம் செய்த கைப்பேசி, சில நிமிடத்துக்கொரு முறை விசுவாசமாக உள்ளே நுழையப் பார்க்கிறது. அதுவும் இல்லையென்றால், யாரோ அமைத்துவிட்டு மறந்துபோன நள்ளிரவு பேக்கப். எந்த ஐபி முகவரி, எத்தனை மணி என்று லாக் கோப்பில் எழுதித்தான் இருக்கும். அதை யார் படிப்பது? "பாஸ், இன்னொரு வாட்டி பாஸ்வேர்ட மாத்திப் பாருங்க" என்பது சுலபம். மாற்றியதும் கைப்பேசிக்கு உற்சாகம் கூடிவிடும்.

90 நாளுக்கொரு முறை மாற்று என்ற விதியால் வந்த வினை இது. காரணமின்றி மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் (NIST) 2017-லேயே எழுதிவிட்டது. தொடர் தவறுகளை 100 வரை பொறுக்கலாம் என்றும் சொன்னது. நம்மவர்கள் மூன்றிலேயே நிற்கிறார்கள். திருடனுக்கும் இதில் வேலை மிச்சம்: முதலாளியின் யூசர்நேம் தெரிந்தால் போதும், மூன்று தடவை வேண்டுமென்றே தப்பாக அடித்து அவரை வெளியே நிறுத்திவிடலாம்.