சொல்லாததைக் கேட்டவர்

1974. மாயவரத்தில் எங்கள் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். கடைத்தெருவில் இருந்தவரை ஊரே 'ஊசி டாக்டர்' என்றது. எந்த நோவானாலும் ஊசிதான். மறுநாளே எழுந்து நடமாடலாம் என்று பேர். இன்னொருவர் வயதான எல்.எம்.பி. டாக்டர். அவர் வீட்டுத் திண்ணைதான் டிஸ்பென்சரி. பலகையில் பெயரும் அந்த மூன்று எழுத்தும் மட்டும், அதுவும் மங்கிப்போய். பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் அதில் மிக்ஸரை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று தெரிய ஓரம் கத்தரித்த காகிதத்தை ஒட்டித் தருவார்.

ஒரு டாக்டரைப் பற்றி விசாரிப்பதென்றால் அன்று கேள்வி ஒன்றே ஒன்று: "கைராசி எப்படி?" குழாயடியிலேயே பதில் கிடைத்துவிடும். ஊசி டாக்டருக்குத்தான் கைராசி என்று தெருவே சொன்னது. எல்.எம்.பி. படிப்பு எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஒரு படி கீழே வைக்கப்பட்டது என்பதால், "அவர் சின்னப் படிப்புக்காரர்" என்ற பேச்சும் உண்டு. அவர் படித்தது ராயபுரம் ஸ்டான்லியில். அது 1938-இல் கல்லூரியாவதற்கு முன் மருத்துவப் பள்ளியாக இருந்த இடம்.

அந்த வருஷம் என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டால் மாலையில் தணியும், இரவில் ஏறும். மூன்று ஊசியாயிற்று. ஒன்பதாம் நாள் அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு திண்ணை டாக்டரிடம் போனாள். நானும் பாட்டிலோடு பின்னால் ஓடினேன்.

அவர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு கேட்டார்: "குடிக்கத் தண்ணி எங்கேருந்து எடுக்கிறேம்மா? காய்ச்சிக் கொடுக்கிறியா? தெருவுல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" அம்மா இதில் எதையும் சொல்லியிருக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். டைபாய்டு. குளோரோமைசெட்டின் கேப்ஸ்யூலும் கஞ்சியுமாக மூன்று வாரத்தில் தம்பி தேறினான்.

ஊசி டாக்டர் எங்கோ ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர், மருத்துவம் படித்தவரே இல்லை என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இத்தனைக்கும் டாக்டர்களைப் பதிவு செய்ய 1914-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது. பதிவேடு சென்னையில் இருந்தது, நாங்கள் குழாயடியில் இருந்தோம். தம்பி பிழைத்தது நாங்கள் நன்றாக விசாரித்ததால் அல்ல. அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

அம்மா அன்றைக்கு ஒரு பாடம் கற்றுக்கொண்டாள். எந்த டாக்டரிடம் போய் வந்தாலும் ஒரே அளவுகோல்: "நாம சொல்லாததை அவர் கேட்டாரா?"

போன வருஷம் 80 வயதான அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார்கள். இப்போது நாங்கள் சென்னையில். என் மகள் போனை எடுத்துப் பத்தே நிமிஷத்தில் ஐந்தாறு பேரின் நட்சத்திரங்களை அடுக்கினாள். அதிக நட்சத்திரம் பெற்றவருக்கு வந்த பாராட்டுகளை எல்லாம் படித்தேன். பார்க்கிங் வசதி, காக்க வைக்காதது, வரவேற்பில் இருந்தவரின் கனிவு. நோயாளிக்கு அவையும் வேண்டியவைதான். ஆனால் அறுக்கும் கையைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அன்றைய 'கைராசி'தான் எண்ணாக மாறி வந்திருக்கிறது என்று தோன்றியது.

அந்த டாக்டரின் பலகையில் பெயருக்குப் பின்னால் இரண்டு வரிக்கு எழுத்துகள். இந்த முறை பதிவேட்டைப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் இந்திய மருத்துவப் பதிவேடு இருக்கிறது. பெயரையோ பதிவு எண்ணையோ கொடுத்தால் எந்த மாநில கவுன்சில், எந்த ஆண்டு, என்ன தகுதி என்று வருகிறது. அந்த எண்ணை கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் காட்ட வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளே சொல்கின்றன. ஒரு துறையில் தனித் தகுதி இல்லாதவர் அதில் ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. நான் தேடியபோது அவர் பெயருக்கு எதிரே எம்.பி.பி.எஸ். மட்டும்தான் இருந்தது. மேற்படிப்பைப் பதிவில் சேர்க்காமலே விட்டிருக்கலாம். ஆகவே கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டேன். மூன்று முறை கேட்டும் நேரான பதில் இல்லை. அவரை விட்டுவிட்டோம்.

அடுத்தவருக்குப் பதிவில் எம்.எஸ். எலும்பியல் இருந்தது. நேரில் போய், எழுதி வைத்திருந்ததைக் கேட்டேன். இந்த ஆபரேஷனை வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? மயக்க மருந்து கொடுப்பவர் யார்? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? எதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. "கேக்கறது நல்லதும்மா" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பிறகு என்னை விட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார். "பாட்டி, பல்லுல வலி, வீக்கம் ஏதாவது இருக்கா? சிறுநீர் போறப்ப எரிச்சல் இருக்கா?"

அம்மா என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு வாரமா எரிச்சல் இருக்கு."

எனக்கே அது தெரியாது. உடம்பில் வேறெங்காவது கிருமி இருந்தால் ரத்தத்தோடு போய்ச் செயற்கை மூட்டில் தங்கிவிடக்கூடும் என்று அவர் விளக்கினார். பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று இருப்பது தெரிந்தது. அதைக் குணப்படுத்திய பிறகே அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்.

படித்தவரா என்பதைப் பதிவேடு சொல்கிறது. அதைப் பார்க்காமல் யாரும் உடம்பை ஒப்படைக்கக் கூடாது. மாயவரத்துத் தெரு அன்று பார்த்திருந்தால் எத்தனை பிள்ளைகள் அந்த ஊசிக்குத் தப்பியிருப்பார்கள்! ஆனால் காது கொடுத்துக் கேட்பவரா என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. அதற்கு எதிரே போய் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

அன்று வெளியே வந்ததும், ஆட்டோவில் ஏறுவதற்கு முன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இவர்கிட்டயே பண்ணிக்கறேண்டி. தண்ணி எங்கேருந்து எடுக்கிறேன்னு கேட்டாரே, அவர் மாதிரி இருக்கார்."