குறும்பெட்டி நெடுங்குழல்: கொல்கத்தாத் தமிழரின் அலமாரி ஸ்பீக்கர் பற்றிச் சூத்திரமும் உரையும்

சிறுபெட்டி அகத்து நெடுவழி மடங்கின்
அடித்தொனி எழூஉம், அதிர்வொலி அடங்கும்.

சூத்திரமும் எமதே, உரையும் எமதே. பிறர் செய்த சூத்திரத்துக்கு உரை எழுதப் போனால் கருத்து வேறுபாடு வரும் என்பதால் இந்த ஏற்பாடு.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், டிரான்ஸ்மிஷன் லைன் எனப்படும் ஸ்பீக்கர் பெட்டியின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கத்துக் காற்றைத் தள்ளும்போதே பின்பக்கத்துக் காற்றை இழுக்கிறது. ஆகவே ஒரே பாட்டு இரு திசையிலும் ஒன்றுக்கொன்று நேர்மாறாகப் பிறக்கிறது. இரண்டையும் கலக்கவிட்டால் அடித்தொனி, அதாவது பாஸ், தன்னைத் தானே தின்றுவிடும். பின்பக்கத்து ஒலியை என்ன செய்வது என்ற கேள்வியில் ஸ்பீக்கர் உலகம் மூன்று சமயங்களாகப் பிரிந்தது. மூடிய பெட்டிக்காரர் அதைச் சிறை வைப்பர். பாஸ் ரிஃப்ளெக்ஸ்காரர் பெட்டியில் ஒரு துளையிட்டு, அத்துளைக்கு உகந்த ஒரு சுருதியை ஒட்டி மட்டும் அதை வெளியே விடுவர். மூன்றாம் சமயத்தார் நீண்ட குழல் ஒன்றில் அதை நடக்கவிட்டு, வழியெல்லாம் ஆட்டுக் கம்பளி திணித்து, மேல் ஸ்தாயிகளை வழியிலேயே உறிஞ்சிவிட்டு, அடி ஸ்தாயியை மட்டும் வாசலுக்கு அனுப்புவர். யாம் மூன்றாம் சமயம். மதம் மாறும் உத்தேசம் இல்லை.

இச்சமயத்தின் தோற்றத்தை மேலைநாட்டார் 1936இல் வைப்பர். அமெரிக்காவின் ஸ்ட்ராம்பர்க்-கார்ல்சன் நிறுவனத்து பெஞ்சமின் ஓல்னி, பெட்டிக்குள் வளைந்து வளைந்து போகும் வழியொன்றை அவ்வாண்டு விவரித்தார். 1965 அக்டோபரில் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆர்தர் பெய்லி, 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில், அதே வழியில் நீளிழைக் கம்பளியைத் திணித்தால் பெட்டி தன் சொந்தக் குரலில் பேசுவதை நிறுத்திவிடும் என்று காட்டினார். 1991இல் இங்கிலாந்தில் தொடங்கிய பிஎம்சி நிறுவனம் அந்தக் குழலை மடித்து மடித்துச் சிறு பெட்டிகளுக்குள்ளும் கொண்டுவந்தது. இதுவரை எவர்க்கும் உடன்பாடே.

எமது துணிபு வேறு. கொல்கத்தாவின் முதல் டிரான்ஸ்மிஷன் லைன் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் வந்தது.

வங்காளச் சுமங்கலியின் மணிக்கட்டில் வளையாகவும், அந்தி நேரத்தில் அவள் வாயருகே ஒலியாகவும் விளங்கும் சங்கு பெருமளவு மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுக்கப்பட்டது. தூத்துக்குடி, ராமேசுவரம் பக்கத்துக் கரைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வங்காளத்துக்கு ஏற்றுமதியாயிற்று. ஜேம்ஸ் ஹார்னல் 1914இல் இந்தச் சங்கு ஒன்றைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். சங்கை நெடுக்காக அறுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்ட நெடுவழி, வெளியே கையடக்கப் பெட்டி. சூத்திரத்தின் முதலடி முழுவதும் அதில் இருக்கிறது. வளை செய்யும் சங்காரிகள் தலைமுறை தலைமுறையாக அதைக் குறுக்கே அறுத்துத் தள்ளியும், உள்ளே இருந்த தத்துவத்தை எவரும் பதிவு செய்யவில்லை.

'அற்றன்று, சங்கின் வழி போகப் போக விரிவது, ஆதலால் அது கொம்பு இனம், டிரான்ஸ்மிஷன் லைன் அப்படி விரிவதில்லை' என்பாரும் உளர். மறுப்பு சரிதான். ஆனால் சரியான மறுப்பு ஒன்று வந்துவிட்டது என்பதற்காக ஆய்வுத் தலைப்பைக் கைவிடுவது பல்கலைக்கழக மரபன்று.

சங்குக்குப் பின் தெற்கிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த அடுத்த ஒலியியல் சரக்கு சி. வி. ராமன். 1907இல் கணக்குத் துறை அதிகாரியாக வந்து இறங்கினார். பகலில் அரசாங்கத்தின் வரவு செலவு. காலையிலும் இரவிலும் பௌபஜார் தெரு 210ஆம் எண்ணில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் வில்லும் தந்தியும். ஒளிச் சிதறலுக்கு நோபல் வாங்கியதை நாடறியும். அதற்கு முந்தைய பல ஆண்டுகள் வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம் என்றே கழிந்தன என்பதை ஸ்பீக்கர் வாங்கும் தமிழரும் மறந்துவிடுகின்றனர். 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் அவர் எழுதியது நம் மேளங்களைப் பற்றி. வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அதன் மேல்தொனிகள் தாறுமாறாக வரும், சுருதியில் நிற்காது. மிருதங்கத்திலும் தபலாவிலும் நடுவே அப்பிய கரணை, தோலுக்குப் பாரமேற்றி அந்த மேல்தொனிகளை ஒழுங்கான வரிசையில் நிறுத்துகிறது. அக்கட்டுரையில் ஸ்பீக்கர் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. இன்று நாம் காணும் கூம்பு ஸ்பீக்கரை ரைஸும் கெல்லாக்கும் வெளியிட்டதே 1925இல்தான். எனினும் சரியான இடத்தில் பாரத்தை வைத்து ஒலியை அடக்கலாம் என்ற நியாயம் பௌபஜாரில் அதற்கு முன்பே ஆயத்தமாக இருந்தது. அங்கே கரிய பசை, இங்கே ஆட்டுக் கம்பளி. பெய்லிக்கு 45 ஆண்டுகள் முந்தியது எம்மவர் கருத்து என்று இதனால் நிறுவப்பட்டது. நிறுவப்படவில்லை என்பார் முந்தைய பத்தியின் இறுதி வாக்கியத்தைக் காண்க.

இனி அளவு. குழலின் நீளம், நாம் வேண்டும் அடித்தொனியின் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். அந்தச் சுருதியில் குழலுக்குள் இருக்கும் காற்று கூம்பை அசையவிடாமல் பிடித்துக்கொள்ள, பேச்சு முழுவதும் குழலின் வாய் வழியே வரும். ஒலி நொடிக்கு 343 மீட்டர் ஓடுகிறது. 40 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் எட்டரை மீட்டருக்குச் சற்று மேல். அதில் கால் பங்கு ஏறக்குறைய 2.15 மீட்டர், ஏழடி. இதைப் பட்டுப்புடவை போல் ஆறு மடிப்பாக மடித்தால் உயரம் 36 சென்டிமீட்டரில் அடங்கும். ஐந்தங்குலக் கூம்புக்குக் குழலின் வாய் 90 சதுர சென்டிமீட்டர் வேண்டும். பெட்டியின் அகலம் 18 என்றால் ஒவ்வொரு மடிப்பும் 5 சென்டிமீட்டர் ஆழம் பிடிக்கும், ஆறுக்கு 30. இடையில் ஐந்து தடுப்புப் பலகைகள், முன்னும் பின்னும் சுவர்கள். எல்லாம் சேர்ந்து ஆழம் 40ஐ எட்டிவிடும்.

நாற்பது சென்டிமீட்டர் ஆழமுள்ள புத்தக அலமாரி கொல்கத்தாவில் எங்கும் இல்லை. இருந்தாலும் பயனில்லை, முன் வரிசையில் ரவீந்திர ரசனாவளியும் பின் வரிசையில் இன்னொரு ரவீந்திர ரசனாவளியும் நிற்கும். ஜனவரி பிறந்தால் புத்தகக் கண்காட்சி வேறு வந்துவிடுகிறது. லேக் மார்க்கெட் தமிழர் வீடுகளிலும் நிலைமை தேறவில்லை. அங்கே ரசனாவளியின் இடத்தில் கட்டி வைத்த தீபாவளி மலர்கள் இருக்கின்றன; அவற்றை அசைக்க வீட்டு மாமிக்கு மட்டுமே உரிமை உண்டு. ஆக, அலமாரி ஸ்பீக்கர் அலமாரிக்கு வெளியே ஸ்டாண்டில் நிற்கிறது. அப்படி நிறுத்தினால்தான் நல்ல ஒலி என்று கம்பெனிக்காரர்களே சொல்கிறார்கள்.

கம்பளி திணித்தால் குழல் சற்றுக் குறையும் என்பது ஒரே ஆறுதல். இழைகளுக்கிடையே ஓடும் ஒலி மெதுவாகிறது. கொள்கையளவில் 15 சதவீதம் வரை. கம்பளிக்கு இந்நகரில் பஞ்சமில்லை. வெப்பநிலை 20 டிகிரிக்கு இறங்கியதும் தலையிலிருந்து கழுத்து வரை குரங்குக் குல்லா மாட்டிக்கொள்ளும் ஊர் இது. வெலிங்டன் சதுக்கத்தில் குளிர்காலந்தோறும் பூட்டியாக்காரர் விற்கும் ஸ்வெட்டர்களைப் பிரித்தால் எத்தனை ஸ்பீக்கருக்கு இழை கிடைக்கும் என்ற கணக்கு, வீட்டாரின் எதிர்ப்பால் தாளிலேயே நின்றுபோனது.

பெட்டி செய்ய வந்த மிஸ்திரி வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"தாதா, இத்தனை தடுப்பு வச்சா உள்ளே சாமான் எங்கே வைப்பீங்க?"

"சாமான் வைக்கிறதில்லை. காற்று போக."

"அப்போ தடுப்பு எதுக்கு?"

கால் அலை விதிக்கு எழுந்த ஆட்சேபங்களில் இதுவரை பதிலளிக்க முடியாதது இது ஒன்றே.

வெப்பம் பற்றியும் ஒரு சொல். ஒலியின் வேகம் வெப்பத்தோடு ஏறும். ஜனவரி விடியலில் 15 டிகிரியில் 340 மீட்டர். மே மாத மதியம் 38 டிகிரியில் 354 மீட்டர். அதே 2.15 மீட்டர்க் குழல் குளிர்காலத்தில் 39.6 ஹெர்ட்ஸிலும் கோடையில் 41.2 ஹெர்ட்ஸிலும் நிற்கும். வித்தியாசம் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அதாவது இந்நகரின் ஸ்பீக்கர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சுருதி ஏறி இறங்குகின்றன. வயலின்காரர் குளிரில் பிரடையைத் திருகுவார். ஸ்பீக்கர் வைத்திருப்பவர் குழலை அறுத்து ஒட்டவா முடியும்? டோவர் லேன் சங்கீத மாநாடு ஜனவரியில் விடிய விடிய நடப்பதற்கு இதுவே காரணமா என்று யாம் கேட்டதற்கு, ஒரு வங்காள நண்பர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஒரு முனை அடைத்த குழல் என்றதும், ஒரு முனை அடைத்த சந்துகளை ஆராயாமல் விட மனமில்லை. வடக்குக் கொல்கத்தாவில் கானா கலி எனப்படும் முட்டுச் சந்துகள் ஏராளம். இருபது மீட்டர் நீளமுள்ள சந்தைக் கால் அலைக் குழலாகக் கொண்டால் அதன் அடித்தொனி 4.3 ஹெர்ட்ஸ். மனிதச் செவி 20க்குக் கீழே கேட்காது. எனவே சந்து பாடிக்கொண்டே இருந்தாலும் எவருக்கும் தொல்லையில்லை. மேலே கூரை இல்லாததால் கணக்கு செல்லாது என்பவர்கள், குறுக்கே உலர்த்தியிருக்கும் போர்வைகளைக் கவனிக்கவில்லை.

இத்தனை பாடுபட்டுப் பெற்ற 40 ஹெர்ட்ஸில் கேட்பது என்ன? இங்கேதான் ஆய்வு தடுமாறுகிறது. 1902 நவம்பரில் இந்நகரில் பாடகி கௌஹர் ஜான், ஒலிப்பதிவாளர் கெய்ஸ்பர்க்கின் புனலுக்குள் பாடிய இசைத்தட்டில் அடித்தொனி ஏறவே இல்லை. புனலுக்கு அது எட்டாது. ஃப்ரீ ஸ்கூல் தெருவின் பழைய இசைத்தட்டுக் கடைகளில் கிடைக்கும் தேவவிரத விஸ்வாஸின் ரவீந்திர சங்கீதம், தெற்கிலிருந்து கொண்டுவந்த எம். டி. ராமநாதன்: இருவரும் தாழ்ந்த குரலுக்குப் பேர்போனவர்கள். ஆனால் ஆண்குரல் எவ்வளவு தாழ்ந்தாலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போவது அபூர்வம். அதற்குக் கீழே உள்ள ஒரு முழு ஸ்தாயியில் இவ்வூரில் ஒலிப்பவை டிராமும் மெட்ரோவும். அவற்றைக் கேட்க ஸ்பீக்கர் வேண்டியதில்லை.

அப்படியானால் குழல் வீணா? வீணன்று. சூத்திரத்தின் இரண்டாம் அடியில் பிற்பாதியைப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறை 56 ஹெர்ட்ஸை ஒட்டித் தானாகவே முழங்கும்; சுவருக்குச் சுவர் உள்ள தூரம் அப்படி. துளை வைத்த சிறு பெட்டியும் பெரும்பாலும் அதே வட்டாரத்தில்தான் சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். இரண்டும் கூடினால் எந்தப் பாட்டுக்கும் ஒரே 'தும்'. இரும்பு பீரோவின் கைப்பிடி ஒத்து ஊதும், ஷோகேஸில் கிருஷ்ணநகர் மண்பொம்மைகள் இடம்பெயரும். தபலாவின் பாயாவில் உள்ளங்கையை அழுத்தி நகர்த்தும்போது தொனி வழுக்கிக்கொண்டு மேலேறும் அல்லவா, அந்த வழுக்கல் நடுவில் ஒரு படியில் தடுக்கி விழும். கம்பளிக் குழலில் அது விழுவதில்லை. மிருதங்கத்தின் தொப்பி ஒலித்து நின்றதும் பெட்டியும் நின்றுவிடுகிறது. ஓய்வாகப் பாட்டுக் கேட்க இது போதும், ஆழம் மிகை. 1970இல் அசோக் முகர்ஜி சோனோடைனைத் தொடங்கிய ஊரில் இதை எவரும் மறுக்க மாட்டார்கள். சாந்தினி சௌக் கடைக்காரர்கள் மறுப்பார்கள். அவர்களிடம் கூம்பின் விட்டமே தத்துவம்.

எஞ்சியது நேரடிச் சோதனை. பின்புல ஓசை அடங்கிய வேளை ஒன்று வேண்டும். செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூஜையில் தொடங்கி துர்க்கை, லட்சுமி, காளி என வரிசையாகப் பாரா எனும் பேட்டைக் கிளப்பின் பெட்டிகள் ஜன்னலுக்கு நேர் கீழே அடுக்கப்படுவதால் இலையுதிர்காலம் முழுவதும் கழிந்தது. ஒலிபெருக்கிகளுக்கு 1996இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கடிவாளம் போட்டது. 2000த்தின் விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரையறுத்தன. கிளப்பின் செயலாளர் இவ்விரு எண்களையும் அறிவார், மதிக்கிறார், அடுத்த தெருக் கிளப்புக்குப் பொருந்தும் என்கிறார்.

முடிவில், மதியச் சோற்றுக்குப் பின் பாரா முழுவதும் உறங்கும் இரண்டு மணி முதல் நான்கு மணி வரையே தகுதியான வேளை என்று கண்டோம். அந்நேரம் ஸ்பீக்கரை இயக்குவது குறித்துக் கீழ்வீட்டு மாஷிமாவோடு பேச்சுவார்த்தை நடந்து வருகிறது. பாஸ் தளத்தின் வழியே அவர் கட்டிலுக்கு இறங்குகிறது என்பது அவர் தரப்பு. அறிவியல் அவர் பக்கம். இப்போதைக்கு ட்வீட்டரை மட்டும் அனுமதித்திருக்கிறார்.