போனது எவ்வளவு?

கே: மண் அரிப்பு, தவளை அழிவு, மரக்கறி வீணாவது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறை. எல்லாவற்றுக்கும் ஒரே தரவுப் பகுப்பாய்வு பொருந்துமா?
— வாசகர், அக்குறணை

ப: துறைதான் வேறு, கேள்வி ஒன்றுதான்: முன்பு எவ்வளவு இருந்தது? இன்றைய அளவை இன்றைக்கே எடுத்துவிடலாம். பழைய அளவு இல்லாவிட்டால் எந்தக் கணினியாலும் பயனில்லை.

கே: பொல்கொல்லை அணையில் மண் நிறைகிறது என்கிறார்களே?
— வாசகி, மடவளை

ப: 1976இல் திறந்த அணை. 1988க்குள் கொள்ளளவில் சுமார் 44 வீதம் வண்டலால் அடைபட்டுவிட்டது. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவது, கட்டும்போதே கொள்ளளவைப் பதிந்து வைத்ததால். எந்தச் சரிவிலிருந்து எவ்வளவு மண் வருகிறது என்று மதிப்பிட ஒரு சமன்பாடு உண்டு. மழையின் வலு, மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், பயிர் மூடாக்கு, காப்பு வேலை எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். மழை அளவை நம்மூர் வானிலை நிலையம் தருகிறது. அதைக் குறைக்க நம்மால் ஆகாது. ஆனால் கணக்கு பெருக்கல் என்பதால், மூடாக்கின் எண்ணைப் பாதியாக்கினால் மொத்த இழப்பும் பாதி. மேட்டுநிலத்தில் மரக்கறி போடுபவர்கள் வெற்று மண்ணை மழைக்குக் காட்டாதீர்கள்!

கே: மரக்கறியில் மூன்றில் ஒரு பங்கு வீண் என்பதை நம்பலாமா?
— வியாபாரி, கட்டுகஸ்தோட்டை

ப: 30 முதல் 40 வீதம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் ஒரே வீதமா? சராசரியை விடுங்கள். லொறியில் ஏற்றும்போது ஒரு நிறை, இறக்கிக் கழித்தபின் ஒரு நிறை, விற்று முடிந்தபின் ஒரு நிறை. மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். இழப்பு பயணத்திலா கடையிலா என்பது தெரிந்துவிடும்.

கே: அழிந்துவிட்டதாகச் சொன்ன தவளை திரும்பி வந்ததாமே?
— மாணவன், வத்தேகம

ப: தவளை வரவில்லை தம்பி, நாம்தான் போய்ப் பார்த்தோம். 1853க்குப் பின் யார் கண்ணிலும் படாத ஒரு மரத்தவளை சிவனொளிபாத மலைக் காட்டில் கிடைத்து, 2013இல் அறிவிக்கப்பட்டது. தேடிய இரவுகளையும் எண்ணினால்தான் ‘காணவில்லை’ என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

கே: பழைய கோப்பித் தோட்டங்கள் நோயால் அழிந்ததை ஏன் முன்பே உணரவில்லை?
— வாசகி, பேராதனை

ப: உங்கள் ஊர்ப் பூங்காவின் பணிப்பாளர் த்வெயிட்ஸ் 1869இலேயே நோய்பட்ட இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார். துரைமார் அசையவில்லை. நோய் பரவப் பரவப் புதுக்காடு வெட்டி நட்டார்கள், கோப்பி விலையும் ஏறியது. அதனால் மொத்த வரும்படி விழவில்லை. அதை ஏக்கரால் வகுத்திருந்தால் திகைத்திருப்பார்கள்: ஏக்கருக்குச் சுமார் நாலரை அந்தர் தந்த நிலம் பத்து வருடத்தில் இரண்டுக்கு வந்திருந்தது! 1880இல் நோயை ஆராய மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் வந்தார். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வரும் பூஞ்சண வித்துக்களைப் பிடித்துக் காட்டினார். அருமையான வேலை. ஆனால் காப்பாற்றும் காலம் கடந்துபோயிருந்தது.

கே: அந்தக் காலத்தில் கோப்பித் தோட்ட வேலைக்கு வந்து மாண்ட நம் மக்கள் எத்தனை பேர்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தெல்தோட்டை

ப: ஐயா, கோப்பி ஏற்றுமதிக்கு வருடாவருடம் கணக்கு வைத்தவர்கள், மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்துவந்த மனிதர்களைப் பெயர் பெயராக எழுதவில்லை. 1849இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை, 1840களில் இறந்தவர்கள் சுமார் 70,000 பேர் என்று மதிப்பிட்டது. அக்கால மதிப்பீடுகளுக்கு இருந்த வழி, வந்தவர் தொகையில் திரும்பியவரையும் இங்கே எஞ்சியவரையும் கழிப்பது. எண்ணப்படாமல் ஊர் திரும்பியவர் அந்தக் கணக்கில் இறந்தவராகிறார். வந்தவராகப் பதியப்படும் முன்பே வழியில் விழுந்தவரோ கணக்கிலேயே இல்லை. அதனால்தான் ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எண் கூடலாம், குறையலாம். நடந்தது கொடுமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தலைமுறையின் பட்டியல் நமக்கு இல்லை. பின்வந்தவர்களுக்காவது இருக்கட்டும். உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பழைய செக்ரோல் புத்தகம், பேர்ப்பதிவுத் துண்டு எது கிடந்தாலும் பழைய பேப்பர்காரருக்குப் போடவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, தோட்டத்தின் பெயரையும் வருடத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள்.