களவு போன நேரம்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கிய காலத்தில், மெஷின் நின்றால் காரணம் கண்ணுக்குத் தெரியும். பெல்ட் அறுந்திருக்கும், இல்லையென்றால் ஃபியூஸ் போயிருக்கும். இப்போது அதே பேட்டையில் டேட்டா சென்டர்கள். ஒரு நிஜ சர்வருக்குள் பல விர்ச்சுவல் சர்வர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு லினக்ஸ் கெர்னல், சிபியு முழுக்கத் தனக்கே சொந்தம் என்ற நினைப்போடு.

கீழே நெரிசல் கூடினால் நிஜ சர்வர், ஒரு விர்ச்சுவல் சிபியுவை ஓரமாக உட்கார வைக்கும். மறுபடி முறை வரும்போது கெர்னல் கடிகாரத்தைப் பார்த்துப் பதறும். வழக்கமான வரம்பு 20 நொடி. "சாஃப்ட் லாக்கப்: சிபியு 22 நொடியாகச் சிக்கியிருக்கிறது" என்று லாகில் எழுதிவிடும். உட்கார வைத்தது யாரோ. குற்றப்பத்திரிகை தன் மேலேயே. அந்த லாக்கப்பைக் கண்டதும் பேனிக் ஆகும்படி செட்டிங் வைத்திருந்தால், அங்கேயே உயிரையும் விட்டுவிடும்.

சாகும் கெர்னலின் நினைவகத்தைச் சேமித்து மரண வாக்குமூலம் வாங்க கேடம்ப் இருக்கிறது. அதற்கு முன்கூட்டியே கொஞ்சம் ரேம் ஒதுக்க வேண்டும். சிக்கனம் கருதி அதை அணைத்து வைத்திருப்பார்கள். சரி, துப்புத் துலக்க, லாகில் எழுதும் இரண்டு பிரிண்ட்கே வரியைக் கெர்னலில் சேர்ப்போம் என்றால், நேரக்கணக்கு நூலிழை மாறி, சில பிழைகள் சமர்த்தாகிவிடும். வரிகளை எடுத்த மறுநாள் பழையபடி கிராஷ்.

டாப் கட்டளையின் சிபியு வரியில் கடைசியாக 'எஸ்டி' என்று ஒரு எண் வரும். நம்மிடமிருந்து திருடப்பட்ட சிபியு நேரத்தின் கணக்கு அது. களவுக்கு நேர்மையாகக் கணக்குக் கொடுப்பது லினக்ஸ் மட்டும்தான். அந்த நேரத்துக்கும் சேர்த்து மாத பில் கட்டுவது நாம் மட்டும்தான்.