ஆமையப்பர்

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் நீல டப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி ஏறுவார். துவைத்த துணி என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எட்டிப் பார்த்தால் உள்ளேயிருந்து ஒரு கழுத்து என்னை எட்டிப் பார்த்தது.

"வெயில் காட்டணும் சார். இல்லேன்னா ஓடு மெத்துன்னு ஆயிடும்."

ஆமையப்பர்களின் கதை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கொளத்தூர் போகிறார்கள், மீன் வாங்க. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட பச்சைக் குஞ்சு ஒன்று உள்ளங்கையில் வைக்கப்படுகிறது. "இவ்ளோதான் சார், வளராது" என்கிறார் விற்றவர். வளராதாம்! மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஜாதி அது. ஓடு மட்டுமே ஓர் அடிவரை போகும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 30 வருஷம் இருக்கும். வீட்டுக்கடனே அதற்கு முன்னால் தீர்ந்துவிடும்.

பிள்ளையின் ஆசை மூன்று வாரம். அதன்பின் அப்பாதான். தொட்டி, அதைவிடப் பெரிய தொட்டி, ஃபில்டர், மழைக்காலத்துக்கு யூவிபி விளக்கு. தன் சுகர் மாத்திரையை மறப்பவர், நாட்டு மருந்துக் கடையில் ஆமைக்குக் கடல்நுரை வாங்க மறந்ததில்லை. சுண்ணாம்புச் சத்தாம்.

ஊரிலிருந்து வந்த, எங்கள் மொட்டைமாடிக்காரரின் அம்மா, ஆமை புகுந்த வீட்டையும் அமீனா புகுந்த வீட்டையும் பற்றி ஆரம்பித்தார். வாஸ்துவுக்காக ஹாலில் தண்ணீர்த் தட்டில் உட்கார்ந்திருந்த பித்தளை ஆமையை மகன் பேசாமல் கை காட்டினார். அம்மா அதைத் துடைத்துவிட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

ஆறாம் வருஷம், ராமு என்று பெயர் வைத்திருந்த ஆமை முட்டையிட்டது. நகம் நீளமாக இருந்தால்தான் ஆணாம், யார் பார்த்தார்கள்? அன்றிலிருந்து அது ரமா.

"நம்மூர் ஆமையா இருந்தா 1972 வனவிலங்குச் சட்டத்துல உள்ள போயிடுவோம் சார். இது ஃபாரின்" என்று பெருமையாகச் சொல்லும் இதே மனிதர், போன வாரம் லிஃப்டில் குரலைத் தாழ்த்தினார்: "உங்க ஊர் கோயில் குளத்துல தண்ணி இருக்கா சார்?"

இருக்கிறது. பாலாமைகளும் இருக்கின்றன. இரைக்கும் வெயில் காயும் கல்லுக்கும் அவற்றோடு மல்லுக்கு நிற்க மிசிசிப்பியிலிருந்து ஆள் வேண்டாம். டப்பை மாடிக்கே கொண்டுபோங்கள், சார்.